கேட்டால்தான் கிடைக்கும்
புலமைப்பரிசில்கள் பற்றிய ஒரு வரலாற்றுப் பாடம்



சாதாரண தரப் பரீட்சை முடிவு வருகிற காலத்தில் நமது லயங்களில் ஒரு பேச்சு அடிபடும். "புள்ள நல்லாத்தான் பாஸ் பண்ணியிருக்கு. மேல படிக்க வைக்கத்தான் வழியில்ல." இந்தப் பேச்சை ரத்தோட்டைப் பக்கமும் கேட்கலாம், எல்கடுவைப் பக்கமும் கேட்கலாம், உக்குவளையிலும் கேட்கலாம். அடுத்த மாதமே அந்தப் பிள்ளை கொழும்பில் ஒரு கடைக்கோ, ஒரு வீட்டு வேலைக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ பஸ் ஏறிவிடும்.

வழி இல்லை என்பது முழு உண்மையா? சில வேளை உண்மை. சில வேளை வழி இருந்தும் நாம் கேட்காமல் விட்டிருப்போம். "நம்மளுக்கெல்லாம் யாரு குடுப்பாங்க?" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். விண்ணப்பப் பத்திரம் வந்த செய்தி தெரியாமலே திகதி முடிந்துவிடுகிறது.

சாதியாலும் நிறத்தாலும் ஒதுக்கி வைக்கப்பட்ட சிலர் உதவிப் பணம் பெற்றுப் படித்த கதையை இந்த இதழில் பார்ப்போம். பணம் அவர்களுக்கு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று தெரிந்துகொள்வது நமது பிள்ளைகளின் விஷயத்தில் முடிவெடுக்க உதவும்.

1. மாதம் பதினொன்றரைப் பவுண்

டாக்டர் அம்பேத்கரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி பிறந்தவர். தகப்பனார் ராம்ஜி பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். என்றாலும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதிப் பிள்ளை என்பதால், வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு அவர் உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்து ஒரு மூலையில் உட்கார்ந்து படித்தார். தாகம் எடுத்தாலும் தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பியோன் வந்து திறந்துவிட வேண்டும். பியோன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

1907இல் மெற்றிக்குலேசன் சித்தியடைந்தார். அவருடைய சமூகத்தில் அது ஊரே கொண்டாடிய செய்தி. அந்தக் கூட்டத்தில் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைப் பாராட்டி, புத்தரின் வாழ்க்கையைப் பற்றித் தாம் எழுதிய புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கல்லூரிப் படிப்பு நின்றுபோகும் நிலை வந்தபோது, பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவிடம் அவரை அழைத்துப் போனவரும் அதே ஆசிரியர்தான். மாதம் 25 ரூபா உதவி கிடைத்தது. 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டப் பரீட்சையில் தேறினார்.

சாயாஜிராவ் சாதாரண மன்னர் அல்லர். 1906இல் தமது சமஸ்தானம் முழுவதிலும் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பாடசாலைகள் திறந்தவர்.

1913இல் அவர் சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தார். அம்பேத்கர் விண்ணப்பித்தார், தெரிவானார். மாதம் பதினொன்றரைப் பவுண் வீதம் மூன்று வருடத்துக்கு உதவி. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. படிப்பு முடிந்ததும் பத்து வருடம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும். 1913 ஜூன் மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். ஜூலையில் நியூயோர்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

அங்கே சாக்கு விரிக்கத் தேவையில்லை. எல்லோரோடும் ஒரே மேசையில் சாப்பிட்டார். நூலகத்தில் விரும்பிய புத்தகத்தைத் தொட்டு எடுத்துப் படித்தார். 1915இல் எம்.ஏ. பட்டம். 1916இல் இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையை அங்கே வாசித்தார். அதே வருடம் லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் படிக்கத் தொடங்கினார். இவ்வளவுக்கும் அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்து, ஊரில் கஷ்டப்பட்ட மனைவி ரமாபாய்க்கும் அனுப்பினார்.

2. பட்டம் கிடைத்தது, வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை

1917இல் உதவிப் பணத்தின் காலம் முடிந்தது. லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்கு வந்தார்.

வந்த இடத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. ஹோட்டல்காரர் யாரும் அவருக்கு இடம் தரவில்லை. கடைசியில் பார்சிக்காரர்களின் விடுதி ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தங்கினார். கந்தோரில் அவருக்குக் கீழே வேலை செய்த பியோன்கூட, கை பட்டுவிடும் என்று பைல்களைத் தூர நின்று மேசையில் எறிந்தான். பதினோராவது நாள் காலையில் பார்சிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தடிகளோடு வந்து, உடனே வெளியேறச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் போக்கிடம் இல்லாமல் ஊர்ப் பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். கொலம்பியாவில் படித்தவர், மன்னரின் உத்தியோகத்தர். அவருக்கு நடந்தது இது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மன்னரின் பணம் அவரைக் கடல் கடந்து அனுப்பியது. ஆனால் அந்தப் பணத்தால் பரோடாவில் ஒரு வீட்டுக் கதவைத் திறக்க முடியவில்லை. புலமைப்பரிசில் ஒரு மனிதனை உயர்த்தும். அவன் திரும்பி வருகிற ஊர் மாறாவிட்டால் உயர்ந்தவனும் மரத்தடியில்தான் நிற்பான்.

நமக்கும் இது புதிய கதையல்ல. தோட்டத்திலிருந்து டவுனுக்கு உயர்தரம் படிக்கப் போகிற பிள்ளைகள் அறை தேடும்போது, "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு, தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் "அறைக்கு ஆள் வந்தாச்சு" என்று சொன்னவர்களை நம்மில் சிலர் கண்டிருக்கிறோம்.

அம்பேத்கர் அத்தோடு நின்றுவிடவில்லை. பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரியில் விரிவுரையாளராக வேலை செய்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜ் உதவினார். ஒரு நண்பரிடம் 5,000 ரூபா கடனும் வாங்கினார். 1920இல் மறுபடி லண்டனுக்குப் போய், 1923இல் பொருளாதாரத்தில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்தார்.

பிறகு 1942 முதல் 1946 வரை வைஸ்ரோயின் நிர்வாக சபையில் தொழில் அமைச்சுப் பொறுப்பை வகித்தார். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் மெற்றிக்குலேசனுக்குப் பிறகு படிக்க அரசாங்கமே உதவிப் பணம் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1944இல் அந்தத் திட்டம் இந்தியாவில் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. ஒரு மன்னர் மனமிரங்கி ஒருவருக்குக் கொடுத்தது, பிறகு இலட்சக்கணக்கானோருக்குச் சட்டப்படி கிடைக்கும் உதவியாக மாறியது.

1950 மே மாதம் இவர் நம் நாட்டுக்கும் வந்தார். கண்டியில் நடந்த உலக பௌத்தர் மாநாட்டில் கலந்துகொண்டார். நம் மாத்தளையிலிருந்து 25 கிலோமீற்றர் அளவு தூரம்தான். அந்த நேரம் நம் தாத்தா, பாட்டிமார் வாக்குரிமை பறிபோய், என்ன செய்வதென்று தெரியாமல் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

3. கடிதம் எழுதிக் கேட்ட மாணவன்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்து 1865இல் விடுதலை பெற்றவர்கள். ஆனால் பாடசாலை, பஸ், ஹோட்டல் எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஓரிடம், கறுப்பருக்கு வேறோரிடம் என்ற நிலை பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது.

கறுப்பின மாணவர்களுக்கு உதவுவதற்காக ஸ்லேட்டர் நிதியம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஹேய்ஸ், முன்பு அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர். தகுதியான கறுப்பின மாணவன் கிடைத்தால் ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பத் தயார், ஆனால் அப்படி ஒருவரைக் காணோம் என்ற கருத்தில் அவர் பேசியதாக 1890இல் பத்திரிகையில் செய்தி வந்தது.

அதைப் படித்தார் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் என்ற இளைஞர். அப்போது அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர். "இதோ நான் இருக்கிறேன்" என்று விண்ணப்பம் போட்டார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அவர் பேசாமல் இருக்கவில்லை. ஆளே இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, ஆள் வந்ததும் திட்டம் இல்லை என்றால் அது நியாயமா என்று திருப்பி எழுதினார். மறுபடி விண்ணப்பித்தார், சிபாரிசுக் கடிதங்களைச் சேர்த்தார். 1892இல் 750 டொலர் கிடைத்தது. அதில் பாதி நன்கொடை, பாதி கடன். ஜெர்மனியில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தார். பெர்லின் பட்டத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம் தேவைப்பட்டது. நிதியம் மேலும் பணம் தர மறுத்துவிட்டது. திரும்பி வந்து, 1895இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1946இல் அம்பேத்கர் இதே டுபோய்சுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் குறைகளை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோவது பற்றி அறியக் கேட்டார். டுபோய்சும் பதில் எழுதினார். உலகத்தின் இரண்டு மூலைகளில் உதவிப் பணத்தில் படித்த இருவர், பிற்காலத்தில் தங்கள் தங்கள் மக்களுக்காக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள்.

4. ஊரார் போட்ட பங்கு

ஜூலியஸ் ரோசன்வால்ட் (1862-1932) அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் என்ற பெரிய வியாபாரக் கம்பனியின் தலைவர். புக்கர் டி. வாஷிங்டன் என்ற கறுப்பினக் கல்வியாளரோடு சேர்ந்து, தென் மாநிலக் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் கட்ட உதவினார். ஏறக்குறைய 5,000 பாடசாலைகள் எழும்பின.

அவர் முழுப் பணத்தையும் கொடுக்கவில்லை. ஊராரும் தங்கள் பங்கைப் போட வேண்டும் என்பது விதி. கூலிக்கும் குத்தகைக்கும் பருத்தி வயலில் பாடுபட்ட ஏழைச் சனம் அது. சில ஊர்களில் வயலில் ஒரு துண்டை ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியைப் பாடசாலைக்கென்றே விற்றார்கள். காணி கொடுத்தவர்கள் உண்டு, மரம் கொடுத்தவர்கள் உண்டு, கையில் காசில்லாமல் உடலுழைப்பைக் கொடுத்தவர்கள் உண்டு. கடைசியில் கணக்குப் பார்த்தால், ரோசன்வால்ட் கொடுத்ததைவிட அந்த ஏழைச் சனம் கொடுத்தது சற்றுக் கூடுதல்.

பிறகு 1928 முதல் 1948 வரை அவருடைய நிதியம் தனியாட்களுக்கும் உதவிப் பணம் கொடுத்தது. படிப்பவர்களுக்கு மட்டுமல்ல, பாடுகிறவர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் கொடுத்தது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் பெற்றார்கள். பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள். அவர்களில் மூவரைப் பார்ப்போம்.

மரியன் அண்டர்சன்: பாடகி. 1930இல் இந்த உதவியோடு ஜெர்மனிக்குப் போய்ப் பாட்டுப் படித்தார். ஐரோப்பாவில் பெரிய பெயர் எடுத்துத் திரும்பினார். 1939இல் வாஷிங்டனில் ஒரு பெரிய மண்டபத்தை, கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குக் கொடுக்க மறுத்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ஆபிரகாம் லிங்கனின் நினைவு மண்டபப் படிகளில், திறந்த வெளியில் நின்று பாடினார். 75,000 பேர் கேட்டார்கள். அம்பேத்கருக்கு அறை கிடைக்காத அதே கதை. இந்த முறை பெருந்திரளான சனம் பக்கத்தில் நின்றது. அதுதான் வித்தியாசம்.

ரால்ப் பன்ச்: இந்த உதவியோடு ஆபிரிக்காவுக்குப் போய்த் தன் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தார். பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் சபையில் சமாதானப் பணி செய்து, 1950இல் நோபல் பரிசு பெற்றார். நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவர்.

ஜேக்கப் லோரன்ஸ்: ஓவியர். 1940இல் உதவி கிடைத்தபோது வயது 22 அல்லது 23தான். அந்தப் பணத்தில் வேலை செய்ய ஓரிடத்தை வாடகைக்கு எடுத்தார். தென் மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிப் பெட்டியும் படுக்கையுமாகப் போன தம் மக்களின் கதையை 60 படங்களாக வரைந்தார். அவருடைய பெற்றோரும் அப்படிப் போனவர்கள்தான்.

இதைப் படிக்கும்போது நமக்கு நம் கதை ஞாபகம் வரும். நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்களுக்கு மாத்தளைதான் வாசல். கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பயணத்தை 60 படங்களாக வரைய நம் லயத்தில் ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நிறப்பெட்டி வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதுதான் கேள்வி.

5. நமது நிலைமை

ரோசன்வால்ட் நிதியம் 1948இல், முன்பே திட்டமிட்டபடி, பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டு மூடப்பட்டது. அதே 1948இல்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக ஆக்கியது.

1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பலன் தோட்டப் பாடசாலைகளுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதுதான் பல தோட்டங்களின் நிலை. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பிரசாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே நம் பிள்ளைகள் பின்தங்கியிருந்தால் அது மூளைக்குறை அல்ல. ஓட்டப் போட்டியில் மற்றவர்கள் பாதித் தூரம் போன பிறகுதான் நம்மை ஓட விட்டார்கள்.

அந்த இருண்ட காலத்திலும் ஒரு சிறு கதவு திறந்தே இருந்தது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1940களிலிருந்து இயங்குகிறது. இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக, உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிக்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கொடுக்கிறது. இதைவிட ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் இருக்கிறது. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு 1981இல் தொடங்கிய மகாபொல இருக்கிறது.

கதவு சிறியதுதான். என்றாலும் பலபேர் தட்டாமலே திரும்பிப் போகிறார்கள்.

6. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பத்திரங்கள். பிறப்பு அத்தாட்சியில் ஒரு பேர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பேர், அப்பாவின் அடையாள அட்டையில் வேறு எழுத்து. நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் தட்டுப்படுவது பெரும்பாலும் இதில்தான். பிள்ளை ஐந்தாம் தரத்தில் இருக்கும்போதே பிறப்பு அத்தாட்சியை எடுத்து வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்துங்கள். உயர்தரத்துக்குப் போன பிறகு ஓடித் திரிந்தால் திகதி பிந்திவிடும். பெற்றோரின் சம்பளச் சீட்டுகளையும் எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். வருமானத்தைக் காட்ட அவை தேவைப்படும்.

இரண்டாவது, கேட்பது. கேளுஸ்கர் ஆசிரியர் அழைத்துப் போகாவிட்டால் அம்பேத்கர் மன்னரைக் கண்டிருக்க மாட்டார். பாடசாலைக்குப் போய் அதிபரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும், "எங்க புள்ளைக்கு என்னென்ன உதவி இருக்குதுங்க?" என்று வாய் திறந்து கேளுங்கள். அரைநாள் பேர் போனாலும் பரவாயில்லை. ஒரு முறை "இல்லை" என்றால் அடுத்த முறையும் கேளுங்கள். டுபோய்ஸ் அப்படித்தான் வாங்கினார்.

மூன்றாவது, கையெழுத்து. நன்கொடையா, கடனா, படித்த பின் வேலை செய்ய வேண்டிய ஒப்பந்தமா என்று வாசித்து விளங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். விளங்காவிட்டால் விளங்கும்வரை கேட்பதில் வெட்கம் இல்லை.

நான்காவது, ஊரார் பங்கு. திருவிழாவுக்கு லயம் லயமாகப் பணம் சேர்க்கிறோம். மரண உதவிச் சங்கம் நடத்துகிறோம். அதே மாதிரி படிப்புக்கென்று ஒரு உண்டியல் வைக்க முடியாதா? டவுனுக்குப் போகும் பிள்ளையின் பஸ் காசுக்கும் ஒரு சோடி சப்பாத்துக்கும் அது போதும். பல பிள்ளைகள் இடைவிலகுவது இந்தச் சின்னச் செலவுகளால்தான்.

ஐந்தாவது, பெண் பிள்ளைகள். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" என்ற பேச்சை விடுவோம். கூடையைச் சுமந்து இந்த நாட்டைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். முதல் உதவிப் பணம் அவர்கள் பிள்ளைக்குப் போவதில் யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசியாக, உதவி பெற்றுப் படித்து ஆசிரியராக, தாதியாக, உத்தியோகத்தராக இருக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் படிப்புக்குப் பின்னால் யாரோ ஒருவர் போட்ட கையெழுத்து இருக்கிறது. அம்பேத்கர் தான் ஏறிவந்த ஏணியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகவில்லை. 1944இல் அதைப் பெரிதாக்கி எல்லோருக்கும் சாத்தி வைத்தார். லீவுக்குத் தோட்டத்துக்கு வரும்போது ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தையாவது நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கலந்துரையாடுவதற்கான கேள்விகள்
(மாதர் சங்கம், இளைஞர் கழகம், வாசிப்பு வட்டக் கூட்டங்களுக்கு)

1. அம்பேத்கருக்குப் பணம் கிடைத்தது, தங்க அறை கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் டவுனில் படிக்கப் போகும்போது பணத்தைத் தவிர வேறு என்ன தடைகள் இருக்கின்றன? அவற்றில் எதை நாமே தீர்க்கலாம்?

2. ரோசன்வால்ட் ஊராரிடமும் பங்கு கேட்டது சரியா? ஏழைகளிடம் கேட்டது பிழையா? இரு பக்கமும் பேசிப் பாருங்கள்.

3. உங்கள் லயத்தில் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் காரணம் என்ன? ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

4. பாட்டுப் பாடும், படம் வரையும், கூத்தாடும் பிள்ளைக்கு உதவுவது வீண் செலவா?